2,050 மீட்டரில் ஒரு சின்ன ட்ரவுட் ஓடை: கோடையில் நீர் சுடுகிறது, கூழாங்கல்லில் மண்ணேறுகிறது

#1 மேல்குந்தா

நீலகிரி, குந்தா பக்கம். தனியார் எஸ்டேட்டுக்குள் 600 மீட்டர் ஓடும் ஓடை. அகலம் 1 முதல் 1.5 மீட்டர், ஆழம் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே. மேலே சதுப்பும் ஒரு துண்டு சோலையும். நடுவில் சீகை (வாட்டில் என்ற அயல் மரம்) மண்டிய சரிவு. அதற்குக் கீழே எஸ்டேட் ரோடு, ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி, பிறகு தேயிலை. பக்கத்து நிலத்தில் கேரட், உருளைக்கிழங்கு.

ஓடையில் ரெயின்போ ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன் உண்டு. பெரியது என்றால் ஒரு சாண், அதற்கு மேல் அபூர்வம். இப்போது மூன்று குறை. மார்ச், ஏப்ரல் பிற்பகலில் கீழ்ப்பகுதியில் நீர் 21 டிகிரி வரை போகிறது. கூழாங்கல் மேல் செம்மண் பூச்சு மாதிரிப் படிந்திருக்கிறது. விரல் நீளக் குஞ்சுகளைக் காணவே இல்லை.

யோசித்து வைத்திருப்பவை: இரண்டு இடத்தில் சின்னத் தடுப்பணை கட்டி ஆழமாக்குவது, குஞ்சு வாங்கி விடுவது, சீகையை ஒரேயடியாக வெட்டுவது. எதை முதலில் செய்யலாம்?

#2 பொரிப்பகம்

மூன்றையும் செய்யாமல் இருப்பதை முதலில் செய்யுங்கள் சார். குஞ்சு பற்றி மட்டும் நான் சொல்கிறேன், மற்றதற்கு ஆள் வருவார்கள்.

பெரிய மீன் இருந்து குஞ்சு இல்லையென்றால், முட்டை கல்லுக்கடியில் சாகிறது. அதன் காரணத்தைச் சரிசெய்யாமல் வெளியிலிருந்து குஞ்சு விட்டால், அடுத்த வருடமும் காசு கொடுத்து விட வேண்டியிருக்கும். கூடவே நோயும் ஒட்டுண்ணியும் இலவசமாக வரும். சின்ன ஓடையில் இடமும் தீனியும் அளவானவை. ஒவ்வொரு ட்ரவுட்டும் ஒரு கல்லுக்குப் பின்னால் தனக்கென்று ஓரிடம் பிடித்து, அடித்து வருகிற பூச்சியைத் தின்று பிழைக்கிறது. அந்த இடங்கள் தீர்ந்துவிட்டால் கூடுதலாக விட்ட குஞ்சு கீழே அடித்துப்போகும், இல்லாவிட்டால் பெரிய மீனுக்கு இரையாகும்.

முட்டை எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் மீதி தானாகப் புரியும். இங்கே குளிர் மாதங்களில் முட்டையிடும். பெண்மீன் மடுவின் வால்பகுதியில், நீர் வேகமெடுக்கத் தொடங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும். ஆழம் 15 முதல் 40 செ.மீ., கற்கள் 1 முதல் 6 செ.மீ. வாலால் அடித்துக் குழி பறித்து, முட்டையிட்டு, மேலே இருக்கிற கல்லைத் தள்ளி மூடும். முட்டை 10 முதல் 20 செ.மீ. ஆழத்தில் கிடக்கும். கல்லிடுக்கில் ஊடுருவும் நீர்தான் அதற்கு மூச்சு.

நீர் 10 டிகிரி என்றால் பொரிக்க ஏறக்குறைய 31 நாள். பொரித்த பிறகும் குஞ்சு மஞ்சள்கருப் பையைச் சுமந்துகொண்டு இன்னும் இரண்டு மூன்று வாரம் கல்லுக்கடியிலேயே கிடக்கும். ஆக ஏழெட்டு வாரம். இந்தக் காலத்தில் இடுக்கில் நுண்மண் அடைத்தால் முதலில் மூச்சு நிற்கும். அதையும் தாண்டி உயிர் இருந்தால், மேலே மணல் மூடி போட்ட மாதிரி இறுகி, குஞ்சு வெளியே வர முடியாமல் சாகும்.

சோதித்துப் பார்க்க: அடிப்பக்கம் வெட்டிய பிளாஸ்டிக் வாளியைப் படுகையில் 20 செ.மீ. அழுத்தி இறக்குங்கள். உள்ளே உள்ளதைக் கையால் அள்ளி இன்னொரு வாளியில் போடுங்கள், கலங்கிய நீரையும் சேர்த்து. வாளி இல்லாமல் மண்வெட்டியால் அள்ளினால் நுண்மண் ஆற்றோடு போய்விடும், ஓடை சுத்தம் என்று பொய்க் கணக்கு வரும். தெளிய விட்டு, காயவைத்து, 1 மி.மீ. கண் சல்லடையில் சலித்து எடை போடுங்கள். கீழே விழுந்தது மொத்த எடையில் 10 சதவீதத்துக்குள் என்றால் நல்லது. 15ஐத் தாண்டினால் குஞ்சு இல்லாததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

முட்டையிட்ட திட்டு சுற்றியுள்ள படுகையைவிட வெளிறித் தெரியும், பாசி பிடிக்காத கல். அதில் யாரும் கால் வைக்கக் கூடாது. முட்டையிட்டு இரண்டு நாள் கழிந்ததிலிருந்து முட்டைக்குள் கண்புள்ளி தெரியும் வரைக்கும் சின்ன அதிர்ச்சியே முட்டையைக் கொல்லும். மாடு இறங்குகிற பாதை அதன் குறுக்கே போனால் அந்த வருடக் குஞ்சு போச்சு.

#3 நீர்க்கணக்கு

தடுப்பணை பற்றி. ஓடையில் தேக்கிய நீர் வெயிலுக்குத் தட்டு வைத்த மாதிரி. சூடேறி, கீழே அதே சூட்டோடு போகும். குந்தா பக்கம் தென்மேற்குப் பருவமழையில் வரும் மண்ணுக்கு ஒரே மழைக்காலத்தில் அணை நிரம்பி மேடாகும். பிறகு மீன் ஏறவும் வழியிருக்காது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியதை மறந்துவிட்டு எதையும் கட்டாதீர்கள்.

21 டிகிரி எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்பில் விழுவது ஏறக்குறைய 800 வாட். 120 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், நிழலே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 144 சதுர மீட்டர், 115 கிலோவாட். ஓடையில் நொடிக்கு 10 லிட்டர் ஓடினால் அதை ஒரு டிகிரி உயர்த்த 42 கிலோவாட் போதும். ஆக அந்த 120 மீட்டரிலேயே 2.7 டிகிரி ஏறும். கோடையில் ஓட்டம் 5 லிட்டராகச் சுருங்கினால் 5.5 டிகிரி. காற்றோடும் தரையோடும் பரிமாறிக்கொள்வதால் நிஜத்தில் கொஞ்சம் குறையும், ஆனால் அளவு இதுதான். ஓட்டம் குறைவதும் நிழல் போவதும் ஒன்றையொன்று பெருக்குகின்றன.

உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள். கடல்மட்டத்தில் 15 டிகிரி நீர் லிட்டருக்கு 10 மி.கி. ஆக்சிஜன் பிடிக்கும். 2,000 மீட்டரில் காற்றழுத்தம் குறைவு, அதே நீர் 7.9தான் பிடிக்கும். 20 டிகிரியில் 7.1. சமவெளிப் புத்தகத்தில் "20 டிகிரி தாங்கும்" என்றிருந்தால் நம் ஊருக்கு அதில் ஒன்றிரண்டைக் கழித்துக்கொள்வது நல்லது.

அதனால் முதல் வேலை அளப்பது. வெப்பம் மூன்று இடத்தில்: சோலையை விட்டு வெளிவரும் இடம், சீகைச் சரிவின் முடிவு, தேயிலைக்குக் கீழே. பதிவுக்கருவி இருந்தால் அரைமணிக்கு ஒருமுறை என்று வையுங்கள். இல்லையென்றால் உச்ச, நீச வெப்பமானி போதும். வெள்ளை பிவிசி குழாயில் துளையிட்டு, அதற்குள் வைத்து, ஓடும் நீரில் கல்லோடு கட்டுங்கள். கறுப்புக் குழாய் வெயிலைக் குடித்து இரண்டு டிகிரி கூடக் காட்டும். தேங்கிய ஓரத்தில் வைத்தால் ஓரத்தைத்தான் அளப்பீர்கள். மாதம் ஒருமுறை போய் மண் மூடியிருக்கிறதா, நீர் இறங்கி வெளியே தெரிகிறதா என்று பார்க்காவிட்டால் காற்றின் வெப்பத்தைப் பதிவு செய்துகொண்டிருக்கும்.

ஓட்டத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் போதும். 10 மீட்டர் நேரான பகுதி, ஐந்து தடவை மிதக்கவிட்டுச் சராசரி நொடி. 25 நொடி என்றால் வேகம் 0.4 மீட்டர். மேற்பரப்பு வேகமாக ஓடும், அதனால் 0.85ஆல் பெருக்குங்கள்: 0.34. அகலம் 1.2, சராசரி ஆழம் 0.15 என்றால் குறுக்குப்பரப்பு 0.18. பெருக்கினால் நொடிக்கு 61 லிட்டர். கோடையில் ஆழம் விரலளவுக்கு வந்தால் இந்த முறை ஏமாற்றும். அப்போது மேலே ஊற்றுப் பக்கம் தகரத்தில் 90 டிகிரி கோணத்தில் V வடிவ வெட்டு போட்டு ஓடைக்குக் குறுக்கே வையுங்கள். வெட்டின் மூலையிலிருந்து நீர் 5 செ.மீ. உயரம் என்றால் நொடிக்கு 0.8 லிட்டர், 10 என்றால் 4.4, 15 என்றால் 12, 20 என்றால் 25. உயரத்தை வெட்டிலேயே அளக்கக் கூடாது, ஓரடி பின்னால் நீர் படிந்து நிற்கும் இடத்தில் அளக்க வேண்டும். அளந்து முடிந்ததும் தகரத்தை எடுத்துவிடுங்கள், அதுவும் ஒரு அணைதான்.

#4 தூண்டில்காரன்

அணை வேண்டாம், சரி. ஆனா மீனுக்கு ஆழம் வேணும்ல? கோடையில ஒதுங்க இடமே இல்லன்னா நீர்நாய் இறங்கி ஒரே வாரத்துல காலி பண்ணிடும்.

#5 நீர்க்கணக்கு

ஆழம் ஓடையே தோண்டிக்கொள்ளும். நீங்கள் மரத்தை மட்டும் கொடுங்கள்.

சாதாரணமாக இயல்பான ஓடையில் ஒரு மடுவிலிருந்து அடுத்த மடுவுக்கு அகலத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு தூரம் இருக்கும். 1.2 மீட்டர் ஓடைக்கு 6 முதல் 8 மீட்டர். விழுந்த மரத்தைத் தோட்ட வேலையில் தூக்கித் தூக்கி எறிந்ததால் பல இடத்தில் இது தட்டையாகிவிடுகிறது. 20 முதல் 30 செ.மீ. விட்டமுள்ள தண்டை எடுத்து, கரையில் மூன்றில் ஒரு பங்கைப் புதைத்து, மீதியை நீரில் நீட்டுங்கள். அகலத்தில் பாதிக்கு மேல் மறைக்க வேண்டாம்.

இங்கே பலர் தவறுவது சாய்வில். மூழ்கிய தண்டின் மேல் வழியும் நீர் தண்டுக்குச் செங்குத்தாகத்தான் விழும். நுனியை ஓட்டம் வரும் திசையில், அதாவது மேல்பக்கமாகச் சாய்த்தால் வழியும் நீர் ஓடையின் நடுவில் விழுந்து அங்கே மடு தோண்டும். நுனியைக் கீழ்ப்பக்கம் சாய்த்தால் நீர் கரையிலேயே விழும். கரை அரித்துப்போய், சரிசெய்ய வந்த இடத்தில் புதிதாக மண் கொட்டும். பார்க்க அழகாக இருப்பது இரண்டாவதுதான், அதனால்தான் எல்லோரும் அப்படி வைக்கிறார்கள். முளை இரண்டு, ஒவ்வொன்றும் குறைந்தது முக்கால் மீட்டர் ஆழம். கம்பி கட்டினால் வெள்ளத்தில் மரம் போனாலும் கம்பி கிடந்து மாட்டுக் காலை அறுக்கும், தேங்காய் நார்க் கயிறு போதும்.

நீர்நாய் இங்கே பெரும்பாலும் நண்டு தின்னி. அதைக் குறை சொல்லாதீர்கள்.

#6 சோலைப்புல்

சீகைக்கு வருகிறேன். அதற்குமுன் ஒரு விஷயம். ட்ரவுட் இந்த மலையின் மீன் இல்லை. 1863இல் மீனியலாளர் பிரான்சிஸ் டே கொண்டுவர முயன்று தோற்றார். 1907இல் மீன் வளர்ப்பு நிபுணர் வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகுதான் ரெயின்போ நிலைத்தது. அதற்குமுன் இந்த ஓடைகளில் நீலகிரி டானியோ மாதிரிச் சிறு மீனும், தவளையும், நண்டும், பூச்சியும்தான். "ட்ரவுட் ஓடை" என்று இழை போடுவதே எனக்கு இடறுகிறது. ஓடையைப் பராமரியுங்கள். ட்ரவுட் இருந்தால் இருக்கட்டும்.

சீகை: எஸ்டேட் நிலமானாலும் வெட்டுமுன் அனுமதி வாங்குங்கள், 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதி கிடைத்தாலும் கரையோரத்தை ஒரேயடியாக மொட்டையடிக்காதீர்கள். நீர்க்கணக்கு போட்ட கணக்கு அப்படியே நடக்கும், இருக்கும் நிழலும் போய் அந்த வருடமே நீர் கொதிக்கும். சரிவின் மேல்பகுதியில் தொடங்குங்கள், ஏனென்றால் அங்குள்ள சீகைதான் சதுப்புக்குப் போகும் நீரைக் குடிக்கிறது. கரையோரம் 5 மீட்டர் பட்டையைக் கடைசிக்கு விட்டு, மூன்று நான்கு வருடத்தில் ஒரு கரை, பிறகு மறுகரை என்று மாற்றி மாற்றி எடுக்க வேண்டும்.

வெட்டிவிட்டால் முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. சில்வர் வாட்டில் வேரிலிருந்தே குருத்து விடும். கறுப்பு வாட்டில் அவ்வளவாகக் குருத்துவிடாது, ஆனால் அதன் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கும். தீ வைத்தால் எல்லாம் ஒரே நேரத்தில் முளைக்கும். கம்பளம் விரித்த மாதிரி நாற்று வரும். முதல் இரண்டு மழைக்காலம் ஈர மண்ணில் கையால் பிடுங்க வேண்டும், முழங்கால் உயரத்துக்குள். அதற்கு மேல் வளர்ந்தால் வேர் அறுந்து மறுபடி துளிர்க்கும். நாற்று பிடுங்க ஆள் கூலி ஒதுக்காமல் மரம் வெட்ட மட்டும் ஒதுக்கினால், வெட்டாமல் விட்டதே தேவலை. பட்டை, இலை, கிளை எதையும் ஓடையில் போடக் கூடாது. பட்டையில் டானின் அதிகம், நீர் தேநீர் நிறமாகும்.

அந்த இடத்தில் என்ன வரவேண்டும்? மேலே வெளியில் புல். அங்கே மரம் நடாதீர்கள், அது புல்வெளிதான். ஓடைக்கரையில் கோரை, பெரணி, குறிஞ்சி வகைப் புதர், மரப்பெரணி, ஈரமான மடிப்புகளில் சோலை நாவல். ஓடைக்கு மேல் குறிஞ்சிப் புதர் இரண்டு பக்கமும் வளைந்து மூடினாலே 1.2 மீட்டர் ஓடைக்கு நிழல் போதும், பெரிய மரம் தேவையில்லை. யாரோ சொன்னார்கள் என்று சில்வர் ஓக் வைக்காதீர்கள்.

சதுப்பில் பழைய வடிகால் வெட்டு இருக்கிறதா பாருங்கள். சீகை நடும் காலத்திலோ காய்கறிக்கோ வெட்டியிருப்பார்கள். கோடை ஓட்டம் அதன் வழியாகத்தான் மழைக்காலத்திலேயே ஓடிப்போகிறது. 30 முதல் 50 செ.மீ. உயரத்துக்கு மிலாறு (சுள்ளிக் கட்டு) கட்டி அடைக்கலாம், வடிகாலில் மட்டும், ஓடையில் இல்லை. நடுப்பகுதி இரண்டு பக்கத்தையும்விடத் தாழ்வாக இருக்கட்டும், முனைகள் கரைக்குள் அரை மீட்டர் புகுந்திருக்கட்டும். இல்லையென்றால் முதல் மழையிலேயே நீர் பக்கவாட்டில் சுற்றிப் புதுப் பள்ளம் தோண்டிக்கொண்டு போகும்.

#7 பொரிப்பகம்

சோலைப்புல் சொல்வதில் வரலாறு சரி. ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். இந்த மலையில் ஓர் ஓடை 18 டிகிரிக்கு மேல் போகிறது, மண்ணேறுகிறது என்பதை ட்ரவுட்தான் முதலில் காட்டிக்கொடுக்கிறது. தவளைக்குக் கெடுவதும் அதே காரணம்தான். மீனை வேண்டாம் என்பவரும் வேண்டும் என்பவரும் செய்ய வேண்டிய வேலை நூற்றுக்குத் தொண்ணூறு ஒன்றே.

#8 சோலைப்புல்

அந்தப் பத்தில்தான் சண்டை. தவளைத் தலைப்பிரட்டையை ட்ரவுட் தின்கிறது.

#9 ஹோட்டன்வெளி

நுவரெலியா பக்கமிருந்து எழுதுகிறேன். ஹோட்டன் சமவெளியிலும் ரெயின்போ நிலைத்துவிட்டது. அங்கே மட்டுமே இருக்கிற ஒரு சிறு நன்னீர் இறால் உண்டு, கரிடினா சிங்கலென்சிஸ். ட்ரவுட் அதற்கு ஆபத்து என்று கணிக்கப்பட்டிருக்கிறது. மீன் ஏறாத மேல்மட்டச் சிற்றோடைகள்தான் இப்படிப்பட்ட உயிர்களுக்கு அடைக்கலம்.

மேல்குந்தா, உங்கள் ஓடையில் சோலைக்குள் ஒரு சின்ன அருவியோ பாறைப் படியோ இருந்தால் அதற்கு மேல் ட்ரவுட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் படியை எக்காரணம் கொண்டும் உடைக்கவோ, மீனை மேலே கொண்டுபோய் விடவோ வேண்டாம். ஒரு மீட்டர் செங்குத்து வீழ்ச்சி, அடியில் ஆழமான மடு இல்லை என்றால் உங்கள் சாண் அளவு மீன் தாண்டாது. கீழே ட்ரவுட், மேலே தவளை. பத்துக்கான சண்டைக்கு இதைவிடச் செலவில்லாத சமரசம் கிடையாது.

#10 சோலைப்புல்

ஏற்றுக்கொள்கிறேன். ஒரு திருத்தம்: மேலே தவளை இருக்கிறதா என்று இரவில் டார்ச்சோடு போய்ப் பாருங்கள், பகலில் தெரியாது. போகுமுன் பூட்ஸைக் கழுவிக் காயவையுங்கள், இன்னொரு ஓடையின் நோயைச் சுமந்து போகாதீர்கள்.

#11 பூச்சிவலை

வெப்பமானி அன்றைக்கு இருப்பதைச் சொல்லும், பூச்சி ஆறு மாதக் கதையைச் சொல்லும். வலை ஒன்று, 1 மி.மீ. கண், அடியில் தட்டையான சட்டம். வேக ஓட்டத்தில் வலையைக் கீழ்ப்பக்கம் ஊன்றி, மேல்பக்கக் கல்லைக் காலால் மூன்று நிமிடம் உருட்டுங்கள், இடம் மாற்றி மாற்றி. கூடுதலாக ஒரு நிமிடம் பெரிய கல்லைக் கையால் புரட்டிப் பாருங்கள். வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணுங்கள். முட்டைத் திட்டுகளைத் தவிர்க்கவும்.

எதைத் தேடுவது: தட்டையாகக் கல்லோடு ஒட்டி, மூன்று வால் இழையோடு, வயிற்றின் ஓரம் செவுள் அசைப்பது மேஃபிளை. இரண்டு வால், ஒவ்வொரு காலிலும் இரட்டை நகம் இருந்தால் ஸ்டோன்ஃபிளை. மணலையோ இலைத்துண்டையோ ஒட்டிக் கூடு கட்டியிருப்பது கேடிஸ். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் நீரும் கல்லிடுக்கும் நலம். ஸ்டோன்ஃபிளை நம் ஓடைகளில் எண்ணிக்கையில் குறைவுதான், இரண்டு மூன்று கிடைத்தாலே நல்ல செய்தி. சிவப்புப் புழுவும் மண்புழு மாதிரி மெல்லியதும் மட்டும் வந்தால் மண்ணும் கழிவும். எல்லாமே திடீரென்று காணாமல் போயிருந்தால் மருந்து.

மருந்து பற்றி இரண்டு வரி. இங்கே நீர் மென்மையானது, சுண்ணம் குறைவு. தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கடின நீரைவிட இப்படிப்பட்ட நீரில் பல மடங்கு நஞ்சு. லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் கரைந்த தாமிரமே ட்ரவுட் குஞ்சைக் கொல்லப் போதும். பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து அதைவிட மோசம், மீன் நீந்திக்கொண்டிருக்கும், அதன் தீனி முழுவதும் செத்திருக்கும். கரையிலிருந்து 15 மீட்டருக்குள் அடிக்க வேண்டாம். பம்ப்பை ஓடையில் கழுவுவதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. கழுவிய நீரைத் தேயிலைக்கு நடுவே மறுபடி தெளித்துவிடுங்கள்.

#12 கேரட்தோட்டம்

பேசுறவங்க எல்லாம் மண்ணு கேரட் தோட்டத்துல இருந்துதான் வருதுன்னு முடிவு கட்டிட்டீங்க போல. மழை பேயும்போது குடையப் புடிச்சிட்டுப் போய் ஓடைக்கரையில நில்லுங்க. எங்க செந்தண்ணி கலக்குதுன்னு கண்ணால பாருங்க. பாதிக்கு மேல எஸ்டேட் ரோட்டுலயும் கல்வெர்ட்டுலயும்தான் வரும்.

எங்க பக்கமும் தப்பு இருக்கு, இல்லன்னு சொல்லல. பாத்தியச் சரிவோட போட்டா மண்ணு நிக்காது, குறுக்க போடணும். கேரட் கழுவுற தண்ணிய நேரா ஓடையில விடுறது அநியாயம். அதுக்குக் குழி வெட்டணும்.

#13 நீர்க்கணக்கு

கேரட்தோட்டம் அண்ணன் சொல்வது நூறு சதவீதம் சரி. மழையில் நடந்து பார்க்காமல் மண்ணைத் தடுக்க முடியாது. மழை தொடங்கி முதல் அரைமணி நேரம்தான் முக்கியம். ஒவ்வொரு சேர்விடத்திலும் கண்ணாடி பாட்டிலில் நீர் பிடித்து, எண் எழுதி, ஒரு நாள் தெளிய விட்டு அடியில் படிந்த உயரத்தை ஸ்கேலால் அளந்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும்.

ரோட்டுக்கு: ரோடு நெடுகிலும் நீர் ஓடவிடக் கூடாது. சரிவைப் பொறுத்து 20 முதல் 30 மீட்டருக்கு ஒன்றாக, ரோட்டின் குறுக்கே சாய்வாகத் தாழ்ந்த மேடு போட்டு நீரைப் புல்லுக்குள் திருப்புங்கள். திருப்பிய நீர் ஓடைக்கு வர இன்னும் 10 மீட்டராவது புல்லில் நடக்க வேண்டும். தேயிலைக்கு நடுவே சமமட்டத்தில் விட்டுவிட்டுக் குழி: 2 முதல் 3 மீட்டர் நீளம், 45 செ.மீ. ஆழம், அதே அகலம். ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசையின் குழி. மழைக்கு முன் தூர்வாரி, வாரிய மண்ணைக் குழியின் மேல்பக்கம் போடுங்கள். கீழ்ப்பக்கம் கொட்டினால் அதுவே அடுத்த மழையில் ஓடைக்குப் போகும்.

கேரட் கழுவும் குழிக்கு ஓர் எச்சரிக்கை. 0.1 மி.மீ. மணல் நொடிக்கு ஏழெட்டு மி.மீ. இறங்கும், அரை நிமிடத்தில் அடியில். 0.01 மி.மீ. வண்டல் 30 செ.மீ. இறங்கவே ஒரு மணி நேரம் ஆகும். களி ஒரு நாளானாலும் மிதக்கும். ஆகவே ஒரே குழி போதாது. இரண்டு அறை: முதல் அறை மணலுக்கு, இரண்டாவது ஒரு மணி நேர நீரைத் தேக்கும் கொள்ளளவு. மணிக்கு 3,000 லிட்டர் கழுவினால் இரண்டாவது அறை 3 கன மீட்டர், நடைமுறைக்கு அதன் இரட்டிப்பு. மிஞ்சும் கலங்கல் நீரை ஓடைக்கு விடாமல் தோட்டத்துக்கே இறைத்துவிடுவதுதான் முழுத் தீர்வு.

#14 கேரட்தோட்டம்

தோட்டத்துக்கு இறைக்கறதுதான் சரி. மேல்மண்ணு நம்மளோடது, அத ஏன் பவானிக்கு அனுப்பணும்.

#15 மேல்குந்தா

எல்லோருக்கும் நன்றி. அளந்ததை இடுகிறேன். ஏப்ரல் நடுவில் ஒரு வாரம், பிற்பகல் உச்சம்: சோலை வாயில் 15.4, சீகைச் சரிவின் முடிவு 16.1, தொட்டிக்குக் கீழே 19.8, தேயிலைக்குக் கீழே 20.9. ஓட்டம் நொடிக்கு 6 லிட்டர். தொட்டி 10க்கு 8 மீட்டர், நிழல் இல்லை. வாளிச் சோதனையில் ரோட்டுக்கு மேலே நுண்மண் 8 சதவீதம், ரோட்டுக்குக் கீழே 22. ரோட்டுக் குழாய் 60 செ.மீ. விட்டம், வெளிவாய் ஓடையைவிட ஓரடி உயரத்தில் தொங்குகிறது. சோலைக்குள் பாறைப் படி உண்டு. அதற்கு மேல் மீன் தென்படவில்லை.

#16 நீர்க்கணக்கு

பார்த்தீர்களா, சீகைச் சரிவில் 0.7 டிகிரிதான் ஏறுகிறது, 3.7 ஏறுவது தொட்டியில். 80 சதுர மீட்டருக்கு 64 கிலோவாட், 6 லிட்டருக்கு 25: இரண்டரை டிகிரி கணக்கிலேயே வந்துவிட்டது. மீதி தொட்டியைச் சுற்றியுள்ள நிழலில்லாத ஓடைப்பகுதியில் ஏறியிருக்கும். தொட்டியை ஓடையின் வழியிலிருந்து விலக்குங்கள். தெளிப்புக்கு நீர் வேண்டுமென்றால் பக்கத்தில் குழாய் வைத்து, மேலே மூடிய தொட்டிக்கு நொடிக்கு அரை லிட்டருக்கு மிகாமல் எடுங்கள், இரவில். பழைய தொட்டியை உடைக்குமுன் உள்ளே தேங்கிய சேற்றை அள்ளி வெளியேற்ற வேண்டும். அப்படியே திறந்துவிட்டால் பத்து வருட மண் ஒரே நாளில் கீழே போய் உட்காரும்.

#17 பொரிப்பகம்

குழாய்தான் அடுத்தது. ஓரடி தொங்கினால் சாண் மீன் ஒன்றிரண்டு தாண்டும், குஞ்சு தாண்டாது. கீழே 22 சதவீத நுண்மண், மேலே 8 சதவீத நல்ல கல். முட்டையிட வேண்டிய இடம் மேலே இருக்கிறது, மீன் கீழே மாட்டிக்கொண்டிருக்கிறது. குஞ்சு இல்லாததற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா!

குழாயை எடுத்துவிட்டுக் கற்சுவர் இரண்டு பக்கம், மேலே கான்கிரீட் பலகை, அடியில் ஓடையின் சொந்தப் படுகை. திறப்பு ஓடையைவிட அகலமாக, உங்களுக்குக் குறைந்தது 1.8 மீட்டர். பணம் இல்லையென்றால் தற்காலிகமாகக் குழாய் வாய்க்குக் கீழே தட்டைக் கல்லால் மூன்று படி, படிக்கு 10 செ.மீ., ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு சின்ன மடு. கல்லிடுக்கைக் களியால் அடையுங்கள், இல்லையென்றால் கோடையில் நீர் கல்லுக்கடியில் போய்ப் படி காய்ந்துவிடும்.

#18 தூண்டில்காரன்

தூண்டில் போடலாமா கூடாதா, யாரும் சொல்லல?

#19 பொரிப்பகம்

அனுமதி இருந்தால், மீன்வளத்துறை விதிப்படி. முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் பேச்சே இல்லை. நீர் 19 டிகிரியைத் தாண்டிய நாளில் போடாதீர்கள், விடுவித்த மீனும் பிழைக்காது. முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். கையை நனைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். வறண்ட கை வழுவழுப்பை உரித்துவிடும், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். முட்டையிடும் மாதங்களில் ஓடைப்பக்கமே போக வேண்டாம்.

#20 மேல்குந்தா

தொட்டி வேலை மழைக்கு முன் மே மாதத்தில் முடித்துவிடலாமா, அல்லது மழை ஓய்ந்த பிறகா?

#21 நீர்க்கணக்கு

மே முதல் பாதிக்குள் சேறு அள்ளி, ஓடையைத் தொட்டியைச் சுற்றிப் போகும்படி திருப்பிவிடுங்கள். உடைப்பது அதற்குப் பிறகு எப்போதும் செய்யலாம். ரோட்டு மேடுகளும் மேயிலேயே. கீழ்ப்பகுதிக் கூழாங்கல்லைக் கடப்பாரையால் கிளறிக் கழுவுவது செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில், மேலிருந்து கீழாக, நாளுக்கு மூன்று நான்கு சதுர மீட்டர் மட்டும். ரோட்டு மண் நிற்காமல் அதைத் தொடாதீர்கள், ஒரு மழையில் மறுபடி மூடிவிடும்.

#22 சோலைப்புல்

சீகையின் மேல்சரிவுக்கு அனுமதி மனுவை இப்போதே போட்டுவிடுங்கள், நேரமெடுக்கும். குறிஞ்சி, பெரணி நாற்று ஜூனில் நட வேண்டும். வேர் பிடித்தபிறகும் முதல் உறைபனியில் கருகாமல் இருக்க டிசம்பரில் காய்ந்த புல்லால் மூடுங்கள். கீழ்ப் பள்ளத்தில்தான் பனி தேங்கும், தொட்டி இருந்த இடம்தான் முதலில் கருகும். அங்கே இரண்டு மடங்கு நாற்று வையுங்கள்.